தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்

12.4.2023, புதன்.
பிழை: கணக்கெடுப்பில் தெற்குத் தெருவுக்குள் போகவில்லை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, குடம் தூக்கி வந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அதனால் பாதகமில்லை. சிறிய பிழை.
நாளை: தாள்களை அடுக்கித் தலைவரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படி எழுதும் பழக்கம் மேகலாவுக்குத் தட்டச்சு வகுப்பிலிருந்து வந்தது. ஜெயங்கொண்டத்தில் மாலை வகுப்பு. அடித்து முடித்த தாளை அப்படியே கொடுத்துவிட்டு வர அங்கே விடமாட்டார்கள். தவறு விழுந்த இடங்களைத் தானே தேடிச் சிவப்பு மையில் வட்டமிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தோமா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிற பெண் அவள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்க மறுபடி வருவாள். அன்றன்றைக்குச் செய்த பிழையை டைரியில் வட்டமிட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கணக்கெடுப்பு வேலையைக் கொடுத்தவர் சாத்தனேரி ஊராட்சித் தலைவர் செல்லதுரை. அப்பா ராசாங்கத்துக்கு அண்ணன் முறை, மேகலாவுக்குப் பெரியப்பா. ஊருக்கு நெல் காயவைக்கச் சிமெண்ட் களம் ஒன்று அனுமதியாகியிருந்தது. யாரும் பயன்படுத்தாத பொது இடம் வேண்டும். ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற புங்கந்தோப்பை வெட்டிச் சமன் செய்துவிடலாம் என்பது அவருடைய யோசனை.

"வீடு வீடாப் போயி, தோப்ப யாராச்சும் பயன்படுத்துறாங்களான்னு மட்டும் கேட்டு எழுதிட்டு வந்துடு. உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றார்.

ஊர்த்தெருவில் ஒரு வீட்டையும் விடாமல் ஏறி இறங்கினாள். நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். "அங்க எவன் போறான்? பாம்பும் ஓணானும்தான் கெடக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். மோர் குடித்தே வயிறு நிறைந்துவிட்டது.

தெற்குத் தெருவுக்கு வந்தபோது அவள் கால் தொட்டியடியில் தானாக நின்றது. உள்ளே போகாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடிதான் அவளை வளர்த்திருந்தார்கள்.

தாளும் பேனாவுமாக நின்ற அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "புங்கந்தோப்பை நீங்க பயன்படுத்துறீங்களா?" என்று தாளில் இருந்தபடியே கேட்டாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவளான ஆண்டாயிதான் பதில் சொன்னாள். "இல்ல பாப்பா. நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். தெருப் பெயரைப் போட்டு, எல்லா வீட்டுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். அப்போதும் மனம் கேட்கவில்லை. மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும் தோப்புக்கே போய்ப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. பொரி சிதறினாற்போலப் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது. இரண்டு விதமாகவும் சரிபார்த்தாயிற்று என்ற திருப்தியோடு தாள்களைக் கொடுத்தாள்.

அந்த வேளையில் தெற்குத் தெரு முழுவதும் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் என்பதும், அவர்கள் திரும்பி வருகிற மத்தியானத்துக்குமேல் தான் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் இருப்போம் என்பதும் அவளுக்குத் தெரியாத விஷயங்களல்ல. சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை தட்டச்சு நிலையம் பூட்டிக் கிடந்தது. நடத்துகிறவர் வீட்டில் துக்கம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். போன பஸ்ஸிலேயே திரும்பினார்கள் மேகலாவும் அபிநயாவும்.

அபிநயா தெற்குத் தெருப் பெண். தட்டச்சு வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இருவருக்கும் பஸ்ஸில் ஒரே சீட்டு. முறுக்கு வாங்கினால் பாதி பாதி. தேர்வு வேகத்துக்கு யார் முதலில் வருவது என்று பந்தயம். ஆனால் ஊர் எல்லை வந்ததும் அபிநயா தோப்பு ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்வாள். மேகலா அடுத்த ஸ்டாப்பில், ஊருக்குள். ஒரே ஊர்க்காரர்கள் வெவ்வேறு ஸ்டாப்பில் இறங்குவது இருவருக்கும் பழகிப்போன விஷயம்.

அன்றைக்கு அபிநயா அதிகம் பேசவில்லை. இந்த இரண்டு வாரமாகவே அப்படித்தான். தேர்வு பயமாக இருக்கும் என்று மேகலா நினைத்துக்கொண்டாள். தோப்பு ஸ்டாப்பில் இறங்கிய அபிநயா தன் சாப்பாட்டுப் பையைச் சீட்டிலேயே மறந்துவிட்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் மேகலா பார்த்தாள். கண்டக்டரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தி இறங்கி, வந்த வழியே நடந்தாள். அபிநயா ஏரிக்கரை மேட்டில் ஏறி மறைவது தெரிந்தது.

ரோட்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வெள்ளைப் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு கரைமேல் ஏறினாள்.

கரைக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததும் வேறு ஊருக்கு வந்தாற்போல் இருந்தது. கண்ணுக்கு இதமான பச்சை. காற்றில் புழுதி இல்லை. மரத்துக்கு மரம் ஆட்கள். கயிற்றுக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கிளையில் புடவைத்தூளி ஆடியது. நிறைமாதப் பெண் ஒருத்தி கால்களை நீட்டி வேரில் சாய்ந்திருந்தாள். நாலு பெண்கள் தோப்பை வளைய வளைய வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் நடக்கிற நடை. நடுமரத்தடியில் சப்-சென்டர் நர்ஸ் புஷ்பவல்லி பிரஷர் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆண்டாயி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் மேகலாவைப் பார்த்தது ஆண்டாயிதான்.

கையில் கட்டிய பட்டையோடு அவள் எழுந்துவிட்டாள். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ தூங்குகிறவரைத் தட்டி எழுப்பினார்கள். ஒருத்தி தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்க்கக் கை உயர்த்தினாள்.

"நாங்க ஒரு கெளையும் ஒடிக்கல பாப்பா. செத்த நேரம் காத்தாட ஒக்காந்தோம். தோ, கெளம்பிட்டோம்" என்றாள் ஆண்டாயி.

மேகலாவுக்கு முகம் பற்றி எரிந்தது. தொட்டியடியில் தான் கேட்ட கேள்வி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. ஊர்த்தெருப் பெண், கையில் ஊராட்சித் தாள், தோப்பைப் பயன்படுத்துறீங்களா என்று விசாரிக்கிறாள். விறகு ஒடித்தாய், ஆடு விட்டாய் என்று காலங்காலமாக அதட்டல் வாங்கியவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

"ஏ ஆண்டாயி, ஒக்காரு. நீ எந்திரிச்சா உன் பிரஷரும் கூடவே எந்திரிக்குது" என்றார் புஷ்பவல்லி. பிறகு மேகலாவை நிமிர்ந்து பார்த்தார். "நீதான் கணக்கெடுத்த பொண்ணா? நல்லா வந்த. நின்னு பாத்துட்டுப் போ."

"நீங்க தினம் இங்கயா பாக்கறீங்க மேடம்?"

"பின்ன? தொகுப்பு வீட்டுச் செவுரு பகல்ல குடிச்ச வெயில ராத்திரி பூரா கக்குது. முன்னால இழுத்த தகரக் கொட்டாய் அதுக்கு மேல கொதிக்குது. அதுக்குள்ள போயி இவங்களுக்குப் பிரஷர் எடுத்தா எனக்கு மயக்கம் வருது. மாசமா இருக்கற பொண்ண அதுக்குள்ள எப்படி வச்சிருக்கறது? மூச்சு இழுக்கறவர எப்படிப் படுக்கச் சொல்றது? மாத்திரை நான் தரேன். தூக்கத்துக்கும் காத்துக்கும் எங்கிட்ட மாத்திரை இல்ல."

மூச்சு இழுப்பவர் அபிநயாவின் அப்பா கொளஞ்சியப்பன். சுண்ணாம்புக்கல் உடைக்கிற இடத்தில் பல வருஷம் வேலை பார்த்து, நெஞ்சு பழுதாகி வந்தவர். மற்றவர்களைப்போல அவரால் சட்டென்று எழுந்துகொள்ள முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் நின்றார். அபிநயா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"எதுக்குப்பா எந்திரிக்கிற? அவ என் கூடப் படிக்கிறவதான்."

மேகலா சாப்பாட்டுப் பையை நீட்டினாள். "மறந்துட்ட."

அபிநயா வாங்கிக்கொண்டாள். கரைவரை கூடவே வந்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"ஊராட்சி ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. யாரும் பயன்படுத்தாத எடமாம். திங்கக்கிழமை கிராம சபையில தீர்மானம், அப்புறம் மரத்த ஏலம். யாரு எழுதிக் குடுத்ததுன்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

"நீ ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா நீ சாரி சொல்லியிருப்ப. நானும் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குச் சொல்லப் பிடிக்கல." அவள் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் மேகலா ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். செல்லதுரை மே தினக் கிராம சபைக்குச் சாமியானா சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, கணக்கெடுப்புல ஒரு தப்பு நடந்துபோச்சு."

"கூட்டல்லயா? நான் மாத்திக்கறேன், வுடு."

"கூட்டல்ல இல்ல. தெற்குத் தெருவுக்குள்ள நான் போகவே இல்ல. தொட்டிகிட்ட நின்னு கேட்டேன். அவங்க பயந்துகிட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க. நேத்து போயி பாத்தேன், தோப்பு நெறைய ஆளு. நோயாளிங்க பெரியப்பா."

அவர் செல்போனை மேசைமேல் வைத்தார். "இங்க பாரு. நீ கேட்ட. அவங்க இல்லன்னாங்க. நீ எழுதுன. பொய் சொன்னது அவங்க. உம்மேல என்ன தப்பு?"

அந்தச் சமாதானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு விநாடி உட்கார்ந்தும் பார்த்தாள். பட்டை கட்டிய கையோடு எழுந்த ஆண்டாயி கண்ணில் வந்து நின்றாள்.

"நான் சபையில சொல்லட்டுமா?"

"சபையில யாரு வேணா எது வேணா சொல்லலாம். ஒண்ணு நெனச்சுக்க. உள்ளயே போகாம எழுதுனேன்னு நீ சொன்னா, ஊரு உன்னப் பாத்துச் சிரிக்கும். அடுத்து என்னப் பாத்துச் சிரிக்கும். அதுக்கடுத்து உங்கப்பன் நெல்லு ரோட்டுலதான் காயும்."

கடைசியாகச் சொன்னதுதான் தைத்தது. போன அறுவடையில் ராசாங்கம் ரோட்டில் பரப்பிய நெல்லில் பைக் சறுக்கி ஒரு பையனுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்துவிட்டு வந்தவர், அன்றிலிருந்து களம் களம் என்று அலைந்துகொண்டிருக்கிறார்.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"களம் வேற எடத்துல போட முடியாதாப்பா?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பொட்டல் கெடக்கு. வெயில்தான் அடிக்கும், மரமா மட்டையா. வண்டி போக வழி போடணும். செல்லதுரைக்கு அது தலைவலி." ஒரு வாய் உண்டார். "ஏம்மா, தெருவுக்குள்ள நீ போகவே இல்லியா?"

"இல்லப்பா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். போகாதது நல்லதுதான் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தாள். அவர் குழம்பை ஊற்றச் சொன்னார். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது, முதுகைக் காட்டியபடி, "நானும் போனதில்ல" என்றார்.

திங்கட்கிழமை சாமியானாவுக்குக் கீழே சபை கூடியது. நாற்காலிகளில் ஊர்த்தெரு. எதிர்ச்சாரியில் ஒரே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு தெற்குத் தெரு. வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கும் நோட்டு மட்டும் ரோட்டைத் தாண்டி அங்கே போய் வந்தது. சாமியானாத் துணி வெயிலை வடிகட்டியதே தவிர நிறுத்தவில்லை. நாற்காலிக்காரர்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று செல்லதுரை அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார்.

மேகலா எழுந்தாள்.

"அந்தக் கணக்கெடுப்பு தப்புங்க. எடுத்தது நான். தெற்குத் தெருவுல ஒரு வீட்டுக்கும் நான் போகல. தொட்டியடியில நின்னு எல்லா வீட்டுக்கும் இல்லன்னு எழுதிட்டேன். தோப்புல தெனம் ஆளுங்க இருக்காங்க. ஒடம்பு முடியாதவங்க."

பின் வரிசையிலிருந்து, "ராசாங்கம் பொண்ணு கட்சி மாறிடுச்சுடோய்" என்று ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. இன்னொருவர், "தோப்புல தூங்கறதெல்லாம் ஒரு வைத்தியமா? அப்படிப் பாத்தா எங்க வூட்டு எருமை நூறு வயசு இருக்கும்" என்றார். சிரிப்பு பெரிதாயிற்று.

புஷ்பவல்லி எழுந்தார். "நான் பிரஷர் பாக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தோப்புலதான் பாக்கறேன். அத வெட்டிட்டா அவங்கள எங்க ஒக்காரவைக்கறதுன்னு தீர்மானத்துலயே ஒரு வரி எழுதிடுங்க தலைவரே. மேலதிகாரி கேட்டா நான் காட்டணும்."

செல்லதுரை பேனாவை மூடினார்.

வேப்பமரத்தடியில் கொளஞ்சியப்பன் கையைத் தூக்கினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "களம் வேணான்னு... நாங்க சொல்லலீங்க. நெல்லு காயத்தான் வேணும். நாங்க... காயாம இருக்கணும். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

அப்போது ஆண்டாயி ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாள். சாமியானா நிழலுக்கு ஓரடி வெளியே, வெயிலில் நின்றாள்.

"போறதில்லன்னு நான் சொன்னது பொய்தான். ஒத்துக்கறேன். நீயும் ஒண்ணு சொல்லிடு பாப்பா. ஊர்த்தெருவுல எல்லா வூட்டுலயும் ஒக்காந்து மோரு குடிச்சியாமே. எங்க தெருவுக்கு மட்டும் ஏன் தொட்டியோட நின்னுட்ட?"

மேகலா வாயைத் திறந்தாள். வெயிலாக இருந்தது என்று சொல்லலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் பொய். சபை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. செல்லதுரை தாளைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பதில் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் நின்ற குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதை வாயால் சொல்ல மட்டும் யாராலும் முடியாது.

இந்த அம்மாளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் 'ஆண்டாயி' என்று பெயரைச் சொல்லித்தான் பழக்கம்.

"வரத் தோணலங்க" என்றாள். அப்படியே நின்றாள். உட்காரச் சொல்லியும் யாரும் காப்பாற்றவில்லை.

கடைசியில் ராசாங்கம்தான் தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, எனக்குக் களம் வேணும். அது உனக்கே தெரியும். பொட்டலையும் ஒரு தடவ அளந்து பாத்துட்டு முடிவு பண்ணு. அதுவரைக்கும் மரத்துல கை வைக்க வேணாம்."

அப்புறம் பேச்சு நாலா பக்கமும் இழுத்தது. பாதைக்கு யார் நிலம் விடுவது என்று சத்தம் போட்டார்கள். முடிவில் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி கணக்கெடுக்க வேண்டும். தோப்புக்கு யார் வருகிறார்கள், எந்த நேரத்தில், உடம்புக்கு என்ன என்பதையும் கேட்க வேண்டும். அதை வாசித்துவிட்டு அடுத்த மாதம் சிறப்புக் கூட்டத்தில் தோப்பா பொட்டலா என்று முடிவு செய்யலாம் என்று எழுதினார்கள். தோப்பு பிழைத்ததாகச் சொல்லிவிட முடியாது. ஏலத் தேதி நின்றது, அவ்வளவுதான்.

"இந்தத் தடவ யாரு எடுக்கறது?" என்று கேட்டார் செல்லதுரை.

"அதுவே எடுக்கட்டும்" என்றாள் ஆண்டாயி. "உள்ள வரட்டும்."

கூட்டம் கலைந்ததும் மேகலா ரோட்டைத் தாண்டிப் போனாள். அபிநயா அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ என் கூட வரியா?"

"எதுக்கு?"

"எனக்கு யாரையும் தெரியாதே."

"பேரு உனக்குத் தெரியாது. உன் பேரு அங்க எல்லாருக்கும் தெரியும்." அபிநயா அப்பாவின் செருப்பை அவர் காலருகே தள்ளினாள். "தொட்டியத் தாண்டி நேரா நடந்தா தெரு. அதுக்கு வழிகாட்டத் தேவையில்ல. எங்க வூடு எடது பக்கம் மூணாவது."

கோபமாகச் சொன்னாளா, வரச் சொல்லித்தான் சொன்னாளா என்று மேகலாவுக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கவும் தைரியமில்லை. இருவரும் மெதுவாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொளஞ்சியப்பன் தொட்டியடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே போனார்.

1.5.2023, திங்கள்.
பிழை: கேட்டதற்கு முழுப் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் புரட்டி, 'சிறிய' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.
நாளை: நூறு நாள் வேலைக்கு ஆட்கள் கிளம்புமுன் தெற்குத் தெருவுக்குப் போக வேண்டும். முதல் வீட்டில் தொடங்கி, ஒரு வீட்டையும் விடாமல், உள்ளே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும்.